குளுகோர் முன்னால, கோம்தார் பின்னால

ஹார்ட் டிஸ்க்கே இல்லாத ஒரு லேப்டாப்புக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் டிஃபிராக் செய்துவந்தவன் நான். இதில் வெட்கப்பட வேண்டிய இடம் இரண்டு. அந்த லேப்டாப்புக்குள் இருந்தது எஸ்எஸ்டி. அதில் சுழலும் தட்டு கிடையாது, தட்டைத் துழாவும் முனை கிடையாது, உள்ளே இருப்பதை அடுக்கி வைப்பதால் அதற்கு ஒரு லாபமும் கிடையாது. அது ஒன்று. அப்போது நான் வேலை செய்ததே ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் என்பது இன்னொன்று. மீன் சந்தையில் வேலை பார்த்துக்கொண்டே கோழிக்குச் செதில் சீவியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எவ்வளவோ தடுத்துப் பார்த்தது. அடுக்குகிற வேடிக்கையைக் காட்டாமல், நாசூக்காக ஒரு பொத்தானை மட்டும் நீட்டியது. நான் விடுவேனா? கட்டங்கள் நகர்வதைக் கண்ணால் பார்த்தால்தானே மனசு நிறையும்? இணையத்தில் தேடி ஓர் இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டேன். திரை முழுக்கச் சிவப்புக் கட்டங்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றாக இடம் மாறி, நீல வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "பாத்தீங்களா, எப்படிப் பறக்குது!" என்பேன். பறக்கத்தான் செய்தது. புது லேப்டாப் பறக்காமல் என்ன செய்யும்?

என்னுடைய இந்த வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஒரு ரசிகை இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷம், என்னிலிருந்து தொடங்கிவிட்டேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் அச்சாகியிருந்தன. ஆனால் பஸ்ஸில் இருந்த தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்திலிருந்து வந்த பெண்கள் எல்லாருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும்கூட. நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில். நாங்கள் குடியிருந்த தீவிலிருந்து எங்களை ஏற்றிப்போக ஒரு பஸ் வரும். காலையில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், வேலை முடிந்த பிற்பகலில் திரும்பிவரும். திரும்பும்போது முதல் நிறுத்தம் குளுகோர், அடுத்தது ஜெலுத்தோங், கடைசியில் கோம்தார். பஸ்ஸுக்கு முன்பக்கம் ஒரே ஒரு கதவு. இந்தச் சின்ன விஷயம் உலகத்தில் வேறு யாருடைய மனநிம்மதியையும் கெடுத்திருக்காது. அக்காவுடையதைக் கெடுத்தது. குளுகோரில் இறங்க வேண்டியவன் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பான். அவனை எழுப்பி, அவன் பையைத் தேடி, நடைபாதையில் நிற்கிற கால்களைத் தாண்டி அவன் கதவுக்கு வருவதற்குள் பஸ் ஓட்டுகிற மலாய்க்கார மாமா, பாக் சிக், இரண்டு முறை ஹார்ன் அடித்திருப்பார். அக்கா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கதவருகே நின்றுகொண்டு சட்டம் போட்டுவிட்டார்.

"குளுகோர் முன்னால, ஜெலுத்தோங் நடுவுல, கோம்தார் பின்னால. போ, போ, போய் உக்காரு."

"நான் சன்னல் பக்கம்தான் உக்காருவேன் அக்கா."

"உன் ஊரு எது?"

"ஜெலுத்தோங்."

"ஜெலுத்தோங் வரிசைல எந்த சன்னல் வேணுமோ எடுத்துக்க லா. யார் வேணாங்கிறா?"

இந்த ஏற்பாட்டில் தோழிகள் பிரிந்தார்கள். இருவர் இருந்தார்கள், ஒருத்தி குளுகோர், இன்னொருத்தி கோம்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி முன்வரிசையிலும் மற்றவள் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து, எங்கள் எல்லார் தலைக்கும் மேலாகக் கத்திக் கத்திக் குடும்பக் கதை பேசினார்கள். அவர்களுடைய மாமியார்கள் இருவரைப் பற்றியும் எனக்கு இன்றைக்கும் நிறையத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் மடியில் டிஃபிராக் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது என்னா கேம்?"

பஸ்ஸில் எனக்குக் 'கம்ப்யூட்டர் ஆள்' என்று ஒரு பெயர். லேப்டாப்பை முதலில் கொண்டுவந்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. தொழிற்சாலையில் நான் பார்த்தது பெட்டி கட்டுகிற இயந்திரத்தை. ஆனாலும் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். ஒரு கோப்பை எழுத டிஸ்க்கில் தொடர்ச்சியாக இடம் கிடைக்காவிட்டால், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று துண்டாக்கி எழுதிவிடும். திரும்பப் படிக்கும்போது அந்த முனை ஒவ்வொரு துண்டையும் தேடி அலைய வேண்டும். துண்டுகளை எல்லாம் பொறுக்கி வரிசையாக வைத்துவிட்டால் அலைச்சல் மிச்சம். இந்த இடம்வரை நான் சொன்னது சரிதான். அதற்குமேல் சொன்ன எதற்கும் பொறுப்பேற்க மாட்டேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிவப்புக் கட்டம் நகர்ந்துபோய் நீலத்தோடு ஒட்டிக்கொண்டதும், "ஆ, போயிருச்சு" என்றார். அடுத்தது. "அதுவும் போயிருச்சு." பிறகு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "டேய், இது நான் தினம் செய்யற வேலை லா!"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்து இருக்கை அவருக்கு. பாலத்தில் ஏறும்போது தொடங்குவேன். இறங்குவதற்குள் நீலம் நன்றாகப் பரவியிருக்கும். இடது பக்கம் கடல், வலது பக்கமும் கடல், அக்கா எதையும் பார்க்க மாட்டார்.

அடுக்குவது அவருக்கு மூச்சு விடுவதுபோல. கேன்டீனில் அவர் சாப்பிட்டு எழுந்தால், மேசையில் இருந்த அத்தனை பேருடைய தட்டும் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். சாப்பிட்டு முடிக்காதவனின் தட்டும் அதில் போய்விடும். எனக்கு ஒருமுறை பாதி மீனோடு போயிருக்கிறது. தைப்பூசத்தன்று ரதம் வரும் வழியில் மலைபோல் குவித்த தேங்காய்களை மக்கள் உடைத்து நொறுக்கும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். "சாமிக்குத்தான், தெரியும் லா. கன்னத்துல போட்டுக்கிறேன். ஆனா இவ்வளவு அழகா அடுக்கிட்டு, அப்புறம் இப்படியா செதறடிக்கிறது?"

எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணின் கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. வருகிறவர்களை உட்கார வைக்கிற பொறுப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களுக்கு அவரைச் சரியாகத் தெரியாது. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு ஒரே கேள்விதான் கேட்டார்: "வீடு எங்க?" தூரத்துக்காரர்கள் கதவுப் பக்கம், பக்கத்து ஊர்க்காரர்கள் மேடைப் பக்கம். சாப்பிட்டதும் தூரம் போகிறவர்கள் முதலில் எழுந்து போகலாம், மண்டபம் நெரிசல் இல்லாமல் காலியாகும். கணக்கு சுத்தம். ஆனால் பெண்ணின் தாய்மாமன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தவர். தாலிக்குத் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியவர், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு நான். எனக்கும் கல்யாண வீட்டுக்கும் இருந்த ஒரே உறவு, என் வீடு மண்டபத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது.

மாமா எழுந்து கோபமாக வந்தார். "என்னம்மா, என்னைய கொண்டுபோய் செருப்புகிட்ட வச்சிட்ட?"

"நீங்க பாலம் தாண்டிப் போகணும் இல்ல அண்ணே? ஜாம்ல மாட்டிக்கிட்டா? உங்க நல்லதுக்குத்தான்."

மாமா முறைத்துப் பார்த்தார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். போகும்போது உண்மையிலேயே ஜாமுக்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் பிறகு போன் செய்து சொன்னார் என்று கேள்வி. சொன்னது அக்காதான், அதனால் நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தூசி புகாத கண்ணாடி அறையில், தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரிகிற முகமூடி. அப்படி ஓர் அறை முழுக்கப் பெண்கள். அக்காதான் அந்த வரிசைக்குத் தலைவி. தட்டின் மேல் படாமல் பறக்க வேண்டிய முனையைப் பொருத்துகிற இடம் அது. எந்த வெள்ளை உடைக்குள் யார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். அவ்வளவு காலம் முகமூடிக்குள் இருந்ததாலோ என்னவோ, வெளியே வந்தாலும் அவருடைய முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணில் பயத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

ஹார்ட் டிஸ்க் வரிசையை மூடப்போவதாக அறிவித்தார்கள். இனிமேல் அந்த இடத்தில் எஸ்எஸ்டி. விருப்பமுள்ளவர்கள் ஒரு வாரப் பயிற்சிக்குப் போகலாம், பிறகு நேர்முகம். தேறினால் புது வரிசையில் வேலை. தேறாதவர்களுக்குக் கணக்கு முடித்து, கைகுலுக்கி, வாசல்வரை வழியனுப்புவார்கள். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூரில்.

"ரெஸ்ட் எடுங்க அக்கா, எவ்வளவு நாள்தான் உழைப்பீங்க?" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள்.

"வீட்டுல உக்காந்து என்னா செய்ய? அலமாரி எல்லாம் அடுக்கியாச்சு. துணி மடிச்சாச்சு. பாட்டில்ல எல்லாம் பேர் ஒட்டியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "வீட்டுல அடுக்க இனிமே ஒண்ணுமில்ல லா."

 முன்வரிசைக்காரியும் கடைசி வரிசைக்காரியும்கூட மாமியார் கதையை நிறுத்தினார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் யார்? "கவலைய விடுங்க அக்கா, உங்கள நான் பாஸ் பண்ண வைக்கிறேன்" என்று எழுந்து நின்று அறிவித்தேன். கோம்தார் வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. அது கேலி என்று பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸிலேயே பயிற்சி வகுப்பு. நான்தான் பேட்டி எடுக்கும் அதிகாரி. கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்பேன்.

"எஸ்எஸ்டின்னா என்ன?"

"நீதான் சொல்லணும்."

"ஹார்ட் டிஸ்க்கோட தம்பி. சின்னதா இருக்கும், வேகமா ஓடும். அவ்வளவுதான். சரி, அதுக்கு டிஃபிராக் வேணுமா?"

"வேணுமா?"

"கண்டிப்பா! வாரத்துக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமைன்னு சேத்துச் சொல்லுங்க, அனுபவம் உள்ளவங்கன்னு நெனைப்பாங்க."

அக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. புது வரிசையிலும் அடுக்குகிற வேலை இருக்கிறது என்றால் அவருக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

இன்றைக்கு எனக்கு விவரம் தெரியும். தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் எடுத்ததுதான் விசேஷம். சுழலும் டிஸ்க்குக்கு அடுக்கி வைப்பதில் இப்போதும் பலன் உண்டு. ஆனால் விண்டோஸ் அதை நமக்குத் தெரியாமல் தானாகவே செய்துகொள்கிறது. புதிய கோப்பு முறைகள் எழுதும்போதே இடம் பார்த்து எழுதுகின்றன; டிஸ்க் கழுத்துவரை நிரம்பினால்தான் திண்டாட்டம். எஸ்எஸ்டிக்கோ அறவே வேண்டாம். அங்கே நடந்துபோகிற முனை இல்லை. எந்த மூலையில் கிடந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கைக்கு வந்துவிடும். சும்மா எடுத்து எடுத்து வைத்தால் எழுதுகிற இடங்கள் தேய்வதுதான் மிச்சம். நானோ என் புது லேப்டாப்பை வாரம் தவறாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி வாரம் தொடங்கியது. முதல் நாள் அக்கா வழக்கம்போல வந்தார். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. அடுத்த நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "லேப்டாப்ப தொற" என்றார். திறந்தேன். குனிந்து காதை அதன்மேல் வைத்தார்.

"உள்ள சுத்துதாடா?"

"சுத்தாம? சத்தம் கேக்குதே."

"அது ஃபேன் லா."

அவ்வளவுதான் சொன்னார். தன் வாழ்நாளில் பாதியை அந்தத் தட்டுகளோடு கழித்தவர், அந்தச் சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தலைவலி போலிருக்கிறது என்று நினைத்து, கையிலிருந்த தைலத்தை நீட்டினேன்.

"அங்க எல்லாத்தையும் வேணும்னே பிரிச்சுப் பிரிச்சு போடுறாங்களாம் தம்பி. ஒரே எடத்துல திருப்பித் திருப்பி எழுதினா அந்த எடம் மட்டும் சீக்கிரம் தேஞ்சிருமாம். அதனால எல்லா எடத்துக்கும் வேலைய பங்கு போட்டுக் குடுக்குதாம்."

"உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க அக்கா," என்றேன் நான். "பாவம், பயிற்சி குடுக்கறவங்களுக்கும் புதுசு இல்ல?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தைலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் டிஃபிராக் ஓட்டச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, கதவருகே நிற்கவும் இல்லை. ஏறியவர்கள் படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். "எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றார். யாருக்கும் எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. பாதிப் பேர் பயத்தில் பழைய இடத்துக்கே போனார்கள். பிறகு அந்தக் கோம்தார்காரி மெதுவாக முன்னால் வந்து தன் தோழி பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தும் பழக்கத்தை விட முடியாமல், இருவரும் பஸ்ஸின் முழு நீளத்துக்கும் கேட்கிற குரலில் பேசிக்கொண்டார்கள். அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குளுகோரில் மறுபடியும் பழைய கூத்து. பின்னாலிருந்து ஒருவன் பையோடு தாண்டிக் குதித்து வந்தான், யாரோ ஒருத்தியின் காலை மிதித்தான். "அலாமாக்! அக்கா அடுக்கினதே நல்லா இருந்துச்சு" என்று பாக் சிக் மலாயில் கத்தினார்.

திங்கட்கிழமை அக்கா மறுபடியும் கதவருகே வந்து நின்றார். "குளுகோர் முன்னால, கோம்தார் பின்னால. பஸ்ஸுக்கு ஒரே கதவுதான் லா. இதுக்கு அடுக்கித்தான் ஆகணும்." அந்த இரண்டு தோழிகளும் பிரிய எழுந்தபோது மட்டும் கையமர்த்தினார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே உக்காருங்க. கொஞ்சம் லேட்டானா ஆகட்டும்."

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நேர்முகம். காலையில் இறங்கும்போதே அவருக்குக் கடைசிப் பாடம் எடுத்தேன். "மறந்துடாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை." அக்கா தலையாட்டினார். கை மட்டும் அடையாள அட்டையின் கயிற்றை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அக்கா வரவில்லை. புறப்படும் நேரம் தாண்டியது. ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவை மூடிவிடுகிற பாக் சிக், என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் தாளம் போட்டார். மற்ற பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. யாரும் முணுமுணுக்கவில்லை. நேப்பாளப் பெண் ஒருத்தி சன்னல் வழியாகத் தலையை நீட்டி, நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வித்தையைத் தானும் செய்து பார்த்தாள். "அக்கா! அக்கா வருது!"

வந்தார். ஏறினார். முகத்தில் ஒன்றும் இல்லை. பாக் சிக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கண் மட்டும் நனைந்திருந்தது. அது தேறிய கண்ணீரா, தேறாத கண்ணீரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எப்படி அக்கா?" என்றாள் முன்வரிசைக்காரி, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.

"அடுத்த வாரம் புது லைன்."

பஸ் குலுங்கியது. பாக் சிக் ஹார்னை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. யாரோ அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள், யாரோ ஒரு பொட்டலம் முறுக்கைத் திறந்தார்கள். இந்த வெற்றிக்கு உரியவன் பின்னால் நின்றுகொண்டிருப்பது யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"டிஃபிராக் பத்திக் கேட்டாங்களா அக்கா?"

"மொதக் கேள்வியே அதான்."

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல? நான் சொல்லிக் குடுத்ததத்தானே சொன்னீங்க?"

"நேர்மாறா சொன்னேன்."